‘உனக்கென்ன குறை?’: மனச்சோர்வும் பதற்றமும் எங்கிருந்து வருகின்றன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வீட்டில் ஒருத்தர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, “உனக்கென்ன குறை?” சோறு இருக்கு, துணி இருக்கு, புருஷன் அடிக்கிறதில்லை, அப்புறம் என்ன? இப்படிக் கேட்பவர் பதிலுக்காக நிற்பதில்லை. தீர்ப்பைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு தொண்டு அமைப்பின் சார்பில் சில வருஷம் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்து, சீட்டு போட வந்தவர்களிடமும் கூட வந்தவர்களிடமும் பேசிக்கொண்டிருந்தவள். அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். டிப்ரஷன் என்று டாக்டர்கள் சொல்வதை மனச்சோர்வு என்றும், ஆங்சைட்டி என்பதைப் பதற்றம் என்றும் வைத்துக்கொள்வோம்.

இது மூளையில் வருகிற நோய்தானே? இதில் சமூகம் எங்கே வந்தது?

மூளையிலும்தான் வருகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே தெருவில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்த்தால் கதை மூளையோடு நிற்பதில்லை.

தெற்கு லண்டனில் கேம்பர்வெல் என்று ஒரு பகுதி. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே 458 பெண்களிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றி விரிவாகப் பேசி, முடிவுகளை 1978-இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வில் விழுந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. நெருங்கியவரின் சாவு, பிரிவு, வருமானம் நின்றது, அல்லது வருஷக்கணக்கில் தீராத ஏதோ ஒரு தொல்லை. சரி, அதே அடி பட்ட மற்ற பெண்கள் ஏன் விழவில்லை? விழுந்தவர்களிடம் சில விஷயங்கள் அதிகம் காணப்பட்டன. மனம் விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று பேரோ அதற்கு மேலோ வீட்டில் இருந்தார்கள். வெளியே போய்ப் பார்க்கும் வேலை இல்லை. 11 வயதுக்குள் தாயை இழந்திருந்தார்கள். உழைக்கும் வர்க்கப் பெண்களிடம் இந்தச் சுமைகள் கூடுதலாக இருந்தன, நோயும் கூடுதலாக இருந்தது. இவற்றில் ஒன்றுகூட ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

சாதாரணக் கவலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாள் கணக்கும், அன்றாட வேலை எவ்வளவு முடங்குகிறது என்பதும்தான். இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், மனம் கனத்துக் கிடப்பது. பிடித்ததில்கூடப் பிடிப்பு இல்லாமல் போவது. இவற்றோடு தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் குலைவது மனச்சோர்வு. பதற்றம் என்பது இன்னும் நடக்காத ஒன்றுக்கு உடம்பு இப்போதே ஓடத் தயாராவது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு பிசையும். ரொம்பப் பேருக்கு இரண்டும் கூட்டாளிகளாகவே வரும்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது? இப்போதுதானே புதுசு புதுசாகச் சொல்கிறார்கள்?

அந்தக் காலத்திலும் இருந்தது, வேறு பெயரில் இருந்தது. “ரொம்ப யோசிக்கிறா”, “மனசு விட்டுப்போச்சு”, “பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கான்”, “திருஷ்டி பட்டிருக்கு”, “காத்துக் கருப்பு அண்டியிருக்கு”. நான் உட்கார்ந்திருந்த வாசலுக்கு வந்த அம்மாக்களில் ஒருவர்கூட முதல் பேச்சில் “எனக்குத் துக்கமாக இருக்கிறது” என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. தலை பாரம், கை கால் ஓய்ச்சல், உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சடைப்பு. அதற்கு முன்னாலேயே எக்ஸ்ரே, ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்து, “ஒண்ணும் இல்லம்மா” என்று திருப்பி அனுப்பப்பட்டு, அந்தச் சீட்டுகளை மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். உடம்பு வலி என்றால் வீட்டில் ஒரு நாள் படுக்க விடுவார்கள். மனசு வலி என்றால் விடமாட்டார்கள். பிறகு வலி எந்த வழியாக வெளியே வரும்?

சொல்ல முடியாமல் போனதற்கு நம் பேச்சுக்கும் பங்கு உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கிய நிறுவனம், நாட்டின் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. நமக்கோ “கீழ்ப்பாக்கம்” என்பது ஒரு கிண்டல். ஒரு ஊரின் பெயரையே வசவாக்கி வைத்துக்கொண்டு, அங்கே ஏன் யாரும் நேரத்தோடு போகவில்லை என்று கேட்கிறோம்.

கோயில், தர்கா என்று அழைத்துப் போவது தப்பா?

தப்பு என்று ஒரே போடாகப் போட நான் தயாரில்லை. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த, பெரும்பாலும் கடும் மனநோய் உள்ள 31 பேரைக் கவனித்து 2002-இல் எழுதினார்கள். மருந்தோ சடங்கோ பெரிதாக இல்லாமலேயே, சில வாரத் தங்கலில் அவர்களின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கூட ஆள், கட்டாயமில்லாத சின்னச் சின்ன வேலைகள், திட்டாத சூழல் என்று அங்கே கிடைத்தவை வீட்டில் கிடைக்காதவை.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஐயும் மறக்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 25-க்கும் மேற்பட்டவர்கள் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். இப்போது அங்கே தர்காவோடு சேர்ந்து மருத்துவமும் பார்க்கும் ‘தவா துவா’ திட்டம் நடக்கிறது, மருந்தும் பிரார்த்தனையும் என்று அர்த்தம். என் கணக்கு எளிது. கும்பிடுங்கள், தாயத்தும் கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி, அடி, பட்டினி என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே கிளம்பி வந்துவிடுங்கள்.

வேலை வெட்டி இல்லாதவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் வரும் நோய் என்கிறார்களே?

சென்னையில் 25,455 பேரிடம் கேள்வித்தாள் வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. வருமானம் குறைந்தவர்களில் 19.3 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வருமானம் அதிகமானவர்களில் 5.9 சதவீதம். மூன்று மடங்குக்கு மேல். பணக்காரர்களுக்கு டாக்டர் இருக்கிறார், அதனால் அவர்கள் நோய் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான்.

2015–16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, சுமார் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வந்திருப்பதாகக் கண்டது. கேள்வித்தாளில் வரும் சதவீதம் பெரிதாகத்தான் இருக்கும், அது அகல விரித்த வலை, அறிகுறி இருப்பவர் எல்லாம் சிக்குவார்கள். நோய் இது என்று முறையாகப் பேசி முடிவு செய்தால் எண் இறங்கும். அந்த தேசிய ஆய்வில் என்னைத் தூங்க விடாத எண் வேறு. மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

கடன் தொல்லைக்கும் மனநோய்க்கும் நேரடியாக முடிச்சுப் போட முடியுமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் கடனில் தொடங்கியவை.

ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. மாரியம்மன் கோயில் திண்ணை. குழுக்கடன் வாங்கிய பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். லோன் சார் பைக்கை நிறுத்திவிட்டு நோட்டை விரிக்கிறார். பதினான்கு பேர் தவணையை வைத்தாயிற்று. ஒருத்தியிடம் நானூறு ரூபாய் குறைகிறது. அவர் அவளைத் திட்டவே இல்லை. “பரவால்லம்மா, எல்லாரும் வெயிட் பண்ணுவோம்” என்கிறார். வேலைக்குப் போக வேண்டிய பதினான்கு பேரும் வெயிலில் அவளைப் பார்க்கிறார்கள். கடைசியில் மற்றவர்கள் ஆளுக்கு முப்பது ரூபாய் போட்டுக் கட்டுகிறார்கள். அடுத்த வாரம் அவள் தண்ணீர் பிடிக்கக்கூட அந்தக் குழாய்க்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் திங்கள் ராத்திரியே அவளுக்கு வயிறு கலங்கும். இந்தத் தவணையை அடைக்க இன்னொரு குழுவில் கடன், அதை அடைக்கத் தண்டல். கழுத்தில் கிடந்ததும் அடகுக்குப் போய், மஞ்சள் கயிறு மட்டும் மிச்சம்.

கடனில் பணம் ஒரு பாதிதான். இன்னொரு பாதி மானம். கேம்பர்வெல் பெண்களுக்குப் பேச ஆள் இல்லாமல் இருந்தது. இவளுக்கு இருந்த பதினான்கு ஆட்களையும் கடன் பிடுங்கிக்கொண்டது.

இல்லாமை புத்தியையும் தின்னும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. கரும்பு வெட்டிப் பணம் வந்த பிறகு அவர்கள் நன்றாகச் செய்த அறிவுச் சோதனைகளை, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத மாதங்களில் அதே ஆட்கள் மோசமாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. கணக்குப் போட்டுப் போட்டே மூளை களைத்துப்போகிறது. “இவ்ளோ கடன் வாங்கும்போது யோசிச்சிருக்கணும்” என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

பணம் கிடைத்தால் மனம் தேறுமா? கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்களின் மனநலம் மேம்பட்டதாக 2016-இல் முடிவு வெளியானது.

நம்மூரில் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இரண்டு விஷயம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, ஒரு குடும்பம் மாதம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி, இந்தக் குழுக்கடன் போன்ற மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ தொந்தரவு செய்யக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. தனியார் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேருக்கும் இது தெரியாது. லோன் சாருக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த சந்தோஷமான நேரத்தில் ஏன் அழுகிறாள்? இது திமிரா, நோயா?

முதல் சில நாள் காரணமில்லாமல் கண் கலங்குவது ரொம்பப் பேருக்கு வரும், தானாகப் போய்விடும். வாரக்கணக்கில் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். அவர்களிடம் அதிகம் தென்பட்டவற்றைப் படித்தால் நம் வீட்டுக் கூடத்தில் நின்று எழுதியது போல இருக்கும். வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடு உறவு சரியில்லாதது, பெற்றவர்களோடும் சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தது, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது.

ஹார்மோன் மாறுவது எல்லாத் தாய்க்கும் பொது. பெண் பிறந்ததற்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்? பார்க்க வருகிறவர்கள் வாயில் இருக்கிறது அது. “என்ன குழந்தை?” “பொண்ணு.” ஒரு நொடி மௌனம். “பரவால்ல, மகாலட்சுமி வந்திருக்கா.” அந்தப் ‘பரவால்ல’ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. தையல் பிரியாமல் இன்னும் நேராக உட்காரக்கூட முடியாதவள் ஒவ்வொரு தடவையும் சிரிக்க வேண்டும்.

பெற்றவர்கள் என்பதையும் கவனியுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நல்ல ஏற்பாடு, நான் அதற்குக் கட்சிக்காரி. ஆனால் அங்கே அண்ணி முகம் சுளித்தாலோ, பிரசவச் செலவுக்கு அப்பா வட்டிக்கு வாங்கியிருந்தாலோ, அந்த மூன்று மாதமும் நெருப்பு மேல் உட்கார்ந்தது போலத்தான். பத்தியம் சரியாகப் போடுகிறார்களா என்று பார்ப்பவர்கள், ராத்திரி குழந்தை அழும்போது யார் தூக்குகிறார்கள் என்றும் பார்க்கலாம். புதுத் தாய்க்குச் சேர்ந்தாற்போல நாலு மணி நேரத் தூக்கம் லேகியத்தைவிடப் பெரிய மருந்து. அப்பன்காரன் குழந்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் விருந்தாளியாக இருந்தால் அந்தத் தூக்கம் வராது.

குழந்தையைத் தொடவே பயமாக இருக்கிறது, செத்துவிடலாம் போல இருக்கிறது, காதில் குரல் கேட்கிறது என்று அவள் சொன்னால் நல்ல நாள் பார்க்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. இரண்டாவது ஆளும் நோயாளியாவதற்கு வழி இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். கல்யாணம் மருந்தென்றால் அதன் பக்க விளைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பிள்ளைகள் தேர்வுக்கு இப்படிப் பயப்படுவது எங்கள் காலத்தில் இல்லையே?

இருந்தது, ஆனால் ஒரு தேர்வில் ஒரு குடும்பத்தின் மொத்தப் பணமும் மானமும் இந்த அளவுக்குக் கட்டி வைக்கப்படவில்லை. நிலத்தை விற்றுக் கோச்சிங் சேர்த்த பிள்ளைக்கு வினாத்தாளில் கேள்வி தெரியாது, விற்ற நிலம் தெரியும். 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்.

இதில் தமிழ்நாடு நல்லதாக இரண்டு காரியம் செய்தது. ஒரு பாடத்தில் தவறினால் ஒரு வருஷம் வீண் என்பதை மாற்றி, சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுத வழி செய்தது. 2017-இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. அதுவரை தேர்வு முடிவு வரும் நாளில் கேக் ஊட்டும் படம் வரும். அதைப் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளையும் பார்க்கும். மாணவர்களின் மனம் திடீரென்று உறுதியாகிவிடவில்லை, விதி மாறியது.

வீட்டு விதியை மாற்றுவது இதைவிடச் சுலபம். மார்க்கைக் கேட்கும் சித்தப்பாவிடம் “அதை அவன்கிட்டயே கேட்காதீங்க, என்கிட்ட கேளுங்க” என்று அம்மா சொன்னாலே போதும்.

ஆண்களுக்கு இவ்வளவு வருவதில்லையே?

மனச்சோர்வு பெண்களிடம் அதிகம் பதிவாகிறது. ஆனால் 2022-இல் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆண்கள், மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். அப்படியானால் ஆண்களின் துக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது? எரிச்சலில், கை நீட்டுவதில், பேசாமல் இருப்பதில், குவார்ட்டரில். “தூக்கம் வரல, அதான் குடிக்கிறேன்” என்று சொல்லாத குடிகாரரை நான் பார்த்ததில்லை. மது முதல் ஒரு மணி நேரம் பதற்றத்தை அமுக்கும். விடிகாலையில் வட்டியோடு திருப்பித் தரும். டாஸ்மாக் 2003 கடைசியிலிருந்து அரசின் சில்லறைக் கடை. மனநல ஆலோசனை மையம் ஒவ்வொரு ஊரிலும் அதே தூரத்தில் இல்லை.

வளைகுடாவுக்குப் போனவர்கள் இன்னொரு வகை. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் வட்டியில் இருக்கும். ஒரு அறையில் எட்டு கட்டில். வீடியோ காலில் “நல்லா இருக்கேன், சாப்ட்டேன்” என்பதற்கு மேல் பேச முடியாது, பின்னால் ஏழு பேர்.

சாதியையும் இதில் சேர்க்க வேண்டுமா?

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். “சொந்த ஊர் எது?” சொன்னதும், “அங்க எந்தப் பக்கம்?” அப்புறம், “நான்வெஜ் சாப்பிடுவீங்களோ?” கடைசியில், “வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டார்.” கேட்பவருக்கு அது மூன்று நிமிஷப் பேச்சு. பதில் சொல்கிறவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு புது இடத்திலும் எப்போது இந்தக் கேள்வி வரும் என்று காத்திருக்கும் வேலை. அந்தக் காத்திருப்புக்குத்தான் பதற்றம் என்று பெயர்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் சக மாணவர்களே வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து எந்த பெஞ்சில் உட்காரலாம் என்று தீர்மானிக்க வேண்டிய குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போர் முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் ஈழத்தில் ஏன் இது தீரவில்லை?

போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டில் எதுவும் முடியவில்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: முடிவு தெரியாத இழப்பு. ஆள் இல்லை, சாவும் இல்லை.

நம் வழக்கத்தில் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அங்கே எடுப்பு, காடாத்து, எட்டு, அந்தியேட்டி என்று சாவுச் சடங்குகள் வரிசையாக வரும், பிறகு ஆண்டுத் திவசம். ஒவ்வொன்றிலும் ஊர் கூடி நின்று ஒரு படி இறக்கிவிடும். காணாமல் போனவர் திரும்பி வரலாம் என்றால் இவை எதையும் செய்ய முடியாது. அவர் மனைவி பொட்டு வைக்கலாமா? வைத்தால் ஒரு பேச்சு, அழித்தால் அவரை அவளே கொன்றதாக அவள் மனமே சொல்லும். மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கும் காணியும் அந்தரத்தில் நிற்க, அதற்காகவே காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றை 2016-இல் சட்டமாக்க வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் 2017 பிப்ரவரியில் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலேயே அவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்கக் கூடாது, சமூகமே பட்ட காயம் என்று பல வருஷமாக எழுதிவருகிறார். மனவடு என்ற சொல் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அதை எடுத்துக்கொள்ளலாம், நல்ல சொல்.

செல்போனும் இன்ஸ்டாவும்தான் காரணமா?

ராத்திரி இரண்டு மணி வரை பார்த்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனம் கெடும். அதற்கு மேல் எல்லாப் பழியையும் போன் மேல் போடுவது பெரியவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்பது என் சந்தேகம்.

காரணம் வெளியே இருந்தால் மாத்திரை எதற்கு? மாத்திரை பழகிவிடுமா?

வெளியே மழை பெய்கிறது என்பதற்காக நனைந்தவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்காமல் இருப்பதில்லையே. நடுத்தரமாகவும் கடுமையாகவும் இருக்கும் மனச்சோர்வுக்கு மாத்திரை உதவும். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நாமாக டக்கென்று நிறுத்தக் கூடாது. மனச்சோர்வு மாத்திரைகள் போதைபோலப் பழகுபவை இல்லை. பழகுவது அல்பிரசோலம் போன்றவை, மருந்துக்கடையில் “தூக்க மாத்திரை ஒண்ணு குடுங்க” என்று சீட்டில்லாமல் வாங்குகிறோமே, அதுதான்.

மாத்திரை இல்லாத வழியும் உண்டு. கோவாவில் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறிலிருந்து எட்டு முறை பேச வைத்தார்கள். விட்டுப்போன சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவதும், முன்னால் நிற்கும் பிரச்சினையை உடைத்துப் பார்ப்பதும்தான் பேச்சு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியதாக 2017-இல் முடிவு வெளியானது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார் சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து இதையே செய்கிறார்கள். அங்கே நோயின் பெயர் ‘குஃபுங்கிசிசா’, மிதமிஞ்சிய யோசனை என்று பொருள். “ரொம்ப யோசிக்கிறா” என்று நாம் சொல்வதேதான்.

வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்தால் என்ன பேசுவது?

“தைரியமா இரு”, “உன்னைவிடக் கஷ்டப்படறவங்க இல்லையா” இரண்டையும் விட்டுவிடுங்கள். “என்ன ஆச்சு? எப்பலேர்ந்து?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். நம்மால் முடியாத காரியம் அதுதான், எனக்கும் பழக ஒரு வருஷம் ஆனது. கூடவே ஒரு வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையை ஸ்கூலில் விடுவது, கரண்ட் பில் கட்டுவது, ஏதோ ஒன்று. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அவர் மேல் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்கிறது, அவரைத் தண்டிக்காமல் பராமரிக்கும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது.

எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது?

14416. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926.

நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பழைய சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு நேரம் குறைவு, அதனால் சொல்ல வேண்டியதை முந்தின ராத்திரியே ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்வது நல்லது: எப்போதிலிருந்து, தூக்கம் எவ்வளவு, அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது. உள்ளே போகும்போது கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்கலாம். மாமியாரை வைத்துக்கொண்டு மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது?